கண்ணை ரைட்-ஆஃப் செய்த மீன்

காசிமேட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருந்துகொண்டு, "மீன் பார்க்க 1,100 கிலோமீட்டர் போகப் போறேன்" என்று சொல்கிறவனை ஊர் எப்படிப் பார்க்கும்? யோசித்துப் பாருங்கள். ராயபுரத்தில் எங்கள் தெருவில் பொழுது விடிவதற்கு முன்னால் மீன் கூடைதான் விடியும். வஞ்சிரம், வவ்வால், சங்கரா, காரப்பொடி என்று வாசலுக்கே வரும் ஜென்மங்களை விட்டுவிட்டு, விரல் நீளம்கூட இல்லாத, குழம்புக்கு உதவாத ஒரு மீனுக்காக ரயில் டிக்கெட் எடுத்தேன்.

நான் பார்ட் டைமாகக் கணக்கு எழுதும் கிளியரிங் ஏஜென்ஸியில் விஷயம் கசிந்துவிட்டது. டீ டைமில் பிடித்துக்கொண்டார்கள்.

"இன்னாபா, மீனைப் பாக்க பஸ்தர் வரைக்கும் போறியாமே?"

"ஆமாம்பா. குகைக்குள்ள இருக்கிற மீன். கண்ணு கிடையாது."

"ஐஸ்ல மூணு நாள் கெடந்தா இங்க வர்ற மீனுக்கும்தான் கண்ணு அவுட்டு. சாயங்காலம் எங்கூட மார்க்கெட்டுக்கு வா. பாதி வெலைக்குக் காட்டுறேன்."

வீட்டில் வேறு மாதிரி. "ஏங்க, பஸ்தர்னா டிவியில துப்பாக்கியோட காட்டுவாங்களே, அதுதானே?" என்றாள் மனைவி. "அதெல்லாம் காட்டுக்குள்ள ரொம்ப தூரம். நான் போறது டூரிஸ்ட் இடம்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இன்ஷூரன்ஸ் பாலிஸி எந்த பீரோவில வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். குடும்பம் நடத்தத் தெரிந்தவள்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது குகையில் இல்லை, கிணற்றில். 2013-ல் தண்டையார்பேட்டையில் சில தெருக்களில் பூமிக்கடியில் போகும் எண்ணெய்க் குழாய் கசிந்து, போர் தண்ணீரில் எண்ணெய் வாடை அடிக்க ஆரம்பித்தது ஞாபகம் இருக்கலாம். என் சித்தப்பா வீடு அந்தப் பக்கம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது ஒரு பக்கெட் தண்ணீரைத் தூக்கிக் காட்டினார். மேலே வானவில் மிதந்தது. பெட்ரோல் பங்க் வாசனை. "குளிச்சா பளபளன்னு இருக்கலாம்டா" என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஏண்டா, அடியில ஓடுற தண்ணியில ஏதாச்சும் உசுரு இருக்குமா? கடல்ல எண்ணெய் கொட்டினா மீன் செத்து ஒதுங்குது, நாம பாக்கறோம். அங்க செத்தா எவன் பாப்பான்?"

பி.காம் படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? பதில் தெரியாமல் வீட்டுக்கு வந்தேன். அன்றையிலிருந்து கண்ணில் பட்டதையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன்.

உசுரு இருக்கிறது சார். நிறையவே இருக்கிறது. கேரளத்தில் செம்பாறைக்கு அடியில் இருக்கும் நிலத்தடி நீரில் கண்ணே இல்லாத, ரத்தச் சிவப்பில் ஒரு குட்டிக் கெளுத்தி வாழ்கிறது. கோட்டயம் பக்கத்துக் கிணற்றில் கிடைத்த ஒன்றுக்கு 1950-ல் ஹோராக்ளானிஸ் கிருஷ்ணை என்று பெயர் வைத்தார்கள். இவற்றைத் தேடி விஞ்ஞானிகள் பூமியைக் குடைய முடியாது. கிணறு தூர் வாருகிறவர், குழாயைத் திறந்து பக்கெட்டில் எட்டிப் பார்க்கிற வீட்டுக்கார அம்மா, இவர்கள் சொன்னால்தான் உண்டு. அதனால் 2023-ல் அறிவித்த இன்னொரு இனத்துக்கு 'பாப்புலி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மக்களுடையது என்று அர்த்தம். மேகாலயாவின் ஜைந்தியா மலைக் குகையில் 40 சென்டிமீட்டருக்கு மேல் வளரும் ஒரு மீன் இருக்கிறது. அதற்கும் 2023-ல்தான் பெயர் சூட்டு விழா. நிலத்தடியில் வாழும் மீன்களில் உலகத்திலேயே பெரியது அதுதான்.

கேரளத்துக் கெளுத்தியைப் பார்க்க வேண்டுமென்றால் ஊரான் வீட்டுக் கிணற்றடியில் மாதக் கணக்கில் தவம் இருக்க வேண்டும். மேகாலயாக் குகையில் கயிறு கட்டித் தொங்க வேண்டும். என் தொப்பை அதற்கு அனுமதிக்காது. டிக்கெட் வாங்கிக்கொண்டு, செருப்புக் காலோடு நடந்து போய்ப் பார்க்கக்கூடிய இடமாக அமைந்தது சத்தீஸ்கர் மாநிலம் பஸ்தர் மாவட்டத்தில், காங்கேர் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் குட்டும்சர் குகை.

விசாகப்பட்டினம் போய், அங்கிருந்து கிரந்துல் போகும் ரயிலைப் பிடித்தேன். இந்த லைனே ஒரு தனிக் கதை. பைலாடிலா மலையில் வெட்டுகிற இரும்புத் தாதுவை விசாகப்பட்டினம் துறைமுகத்துக்கு இறக்கி ஜப்பானுக்கு அனுப்ப 1960-களில் போட்ட தண்டவாளம். 58 சுரங்கப்பாதைகள். ஒவ்வொன்றிலும் நுழையும்போது பெட்டியில் இருக்கும் காலேஜ் பையன்கள் ஊளை விடுவது கட்டாயச் சடங்கு. எதிரே தாது ஏற்றிய வேகன்கள் வந்தபடியே இருக்கின்றன. ஜன்னல் கம்பியைத் தொட்டால் கையில் செம்மண் நிறத்தூள். எனக்குச் சொந்த ஊர் போலவே இருந்தது. 2011-ல் ஹைகோர்ட் சொல்லி நிறுத்தும்வரை சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் தாதுவும் இறக்கிக்கொண்டிருந்தார்களே, அப்போது எங்கள் மொட்டை மாடியில் வெள்ளை வேட்டி காயப்போட்டால் மாலையில் அது கறுப்புக் கட்சியில் சேர்ந்திருக்கும்.

ஜக்தல்பூரில் இறங்கி ராத்திரி தங்கி, காலையில் வண்டி பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் பூங்கா. 1982-ல் தேசியப் பூங்காவானது. 2025-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இடம் பிடித்திருக்கிறது. மனிதன் மாதிரியே பேசும் பஸ்தர் மலை மைனா இங்கேதான். எனக்கு அது தரிசனம் தரவில்லை. போகட்டும்.

குகைக்குப் பழைய பெயர் கோபன்சர் என்கிறார்கள். மறைந்திருப்பது என்று பொருளாம். பக்கத்து கிராமத்தின் பெயர்தான் பின்னால் ஒட்டிக்கொண்டது. 1950-களில் சங்கர் திவாரி என்ற புவியியல் பேராசிரியர் உள்ளே புகுந்து ஆராய்ந்து வெளியுலகத்துக்குச் சொன்னார். அவருக்கு அரசாங்கம் சிலை வைத்ததோ இல்லையோ, உள்ளே வாழும் ஒரு நீள மீசைப் பாச்சைக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்: கெம்பியோலா சங்கரி. சிலையில் காக்கா உட்காரும். பாச்சையில் அந்தத் தொல்லை இல்லை.

வாசல் என்று பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். மலைச் சுவரில் ஒரு பிளவு, அவ்வளவுதான். எங்கள் கோஷ்டியில் 14 பேர். வழிகாட்டிப் பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். கையில் பெரிய டார்ச். தலையை எண்ணிக்கொண்டு இறங்கச் சொன்னான். படி செங்குத்தாகக் கீழே போகிறது. ஓர் இடத்தில் நான் மூச்சை இழுத்து வயிற்றை ஒடுக்க, பின்னால் வந்தவர் "ஆகே படியே" என்று தள்ள, ஒரு பிரசவம் போல மறுபக்கம் வந்து விழுந்தேன். குளுகுளுவென்று இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெயிலோ பனியோ, உள்ளே வருஷம் பூரா ஏறக்குறைய 28 டிகிரிதான், தண்ணீர் 26. காற்று அசையாது. மே மாதத்து மின்ட் பஸ்ஸில் ஃபுட்போர்டுக்கு இடம் கிடைக்காமல் நடுவில் மாட்டிக்கொண்ட அதே புழுக்கம்.

ஆனால் டார்ச் மேலே திரும்பியதும் புழுக்கம் மறந்துவிட்டது. கூரையிலிருந்து விழுது விழுதாகக் கல் தொங்குகிறது. கீழேயிருந்து கல் முளைத்து மேலே எட்டிப் பார்க்கிறது. இத்தனைக்கும் கொத்தனார் யார் தெரியுமா? கோலி சோடாவில் இருக்கும் அதே கேஸ். மழைத்தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கார்பன்-டை-ஆக்ஸைடைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது சுண்ணாம்புப் பாறையின் விரிசலில் இறங்கி, லட்சக்கணக்கான வருஷம் கரைத்துக் கரைத்துக் குடைகிறது. கூரை மெலிந்து உட்கார்ந்துவிட்டால் பூமி வாயைப் பிளந்த மாதிரி ஒரு பள்ளம். இல்லாவிட்டால் இந்த மாதிரிக் குகை. கரைந்த சுண்ணாம்பு சொட்டுச் சொட்டாக மறுபடி கல்லாகிறது. வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. நம்ம ஊர் மெட்ரோ வேலை எவ்வளவோ தேவலை. அதன்மேல் ஒரு தடவை கையை வைத்தால் தோலில் இருக்கும் எண்ணெய் ஒட்டிக்கொண்டு, அந்த வளர்ச்சியும் நின்றுபோகும்.

கடைசியில் ஒரு சின்னக் குட்டை. தண்ணீர் கண்ணாடி மாதிரி. பையன் டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கத்துப் பாறையில் அடித்தான். "தேகியே."

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மண்ணிலேயே ஒரு கோடு நகர்ந்தது. வெளுத்துப்போன நிறம், என் சுண்டுவிரலில் பாதி. மீசை இருந்தது. ஒரு தடவை விர்ரென்று மேலே வந்து, ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டுக் கீழே போனது. இன்னொன்று வெளிச்சம் பட்ட உடனே கல்லுக்கு அடியில் புகுந்துகொண்டது. அவ்வளவுதான். 1,100 கிலோமீட்டருக்கு இரண்டு மீன். ஆபீஸ் நண்பர் சொன்ன விலையோடு ஒப்பிட்டால் பெரிய நஷ்டம். ஆனால் அந்தக் குட்டையை விட்டு எனக்கு எழுந்திருக்க மனசில்லை.

இது அயிரை சொந்தத்து மீன். சரியான பெயர் இண்டோரியோநெக்டஸ் எவஸார்டி. 1872-ல் ஃபிரான்ஸிஸ் டே என்ற வெள்ளைக்காரர் பூனாவில் கிடைத்த மீனை வைத்து எழுதி வைத்தார். நம்ம மெட்ராஸ் ராணுவத்தில் டாக்டராக இருந்த மனுஷன்தான், மீன் பைத்தியம். இந்த மீன் வெளியே ஓடையிலும் உண்டு. அங்கே அதற்குக் கண் இருக்கிறது, நிறம் இருக்கிறது. குகைக்குள் போய் மாட்டிக்கொண்ட தாயாதிகளுக்குத்தான் கண் சுருங்கி, நிறம் வெளுத்திருக்கிறது. அதிலும் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. சிலதுக்குக் கண் சிறுத்திருக்கிறது; சிலதுக்குத் தேடினாலும் கிடைக்காது. அதாவது வேலை பாதியில் இருக்கிறது.

என் பி.காம் மூளை விழித்துக்கொண்டது. கண் என்பது என்ன? ஒரு ஃபிக்ஸட் அசெட். சும்மா இருந்தாலும் மெயின்டனன்ஸ் செலவு உண்டு. மெக்ஸிகோ குகை மீன் ஒன்றை வைத்து 2015-ல் கணக்குப் போட்டிருக்கிறார்கள். கண்ணும் அதைச் சேர்ந்த மூளைப் பகுதியும், மீன் சும்மா இருக்கும்போது செலவழிக்கும் சக்தியில் 5 முதல் 15 சதவீதம் வரை தின்றுவிடுகின்றன. வெளிச்சமே இல்லாத இடத்தில், வௌவால் எச்சத்தையும் வெள்ளம் அடித்துக்கொண்டு வரும் குப்பையையும் நம்பி நடக்கும் குடித்தனத்தில் இது எவ்வளவு பெரிய தண்டச் செலவு! தேய்மானம் எழுதி எழுதி ஒரு நாள் ரைட்-ஆஃப்.

விஞ்ஞானிகளில் இன்னொரு கட்சியும் உண்டு. செலவை மிச்சம் பிடிக்க யாரும் திட்டம் போடவில்லை; இருட்டில் கண் கெட்டுப்போய்ப் பிறந்த குஞ்சும் நல்ல கண்ணோடு பிறந்த குஞ்சும் ஒரே மாதிரிதான் பிழைக்கும், அதனால் கோளாறு தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்துகொண்டே போகிறது என்பார்கள். ஆடிட்டர் எட்டிப் பார்க்காத டிபார்ட்மென்ட் மாதிரி. எனக்கென்னவோ இரண்டு கட்சியும் கூட்டணியாக வேலை செய்வதாகத்தான் படுகிறது. நம்ம ஆபீஸ்களில் பார்ப்பதுதானே!

ஒன்று மட்டும் எனக்குப் பிடித்துப்போனது. அந்த மீன் மேலே வந்து காற்றுக் குடிக்கிறதே, அதில் ஒரு தினசரித் தாளம் இருப்பதை ராய்ப்பூர் ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இனப்பெருக்கக் காலத்தைப் பொறுத்து அது மாறுமாம். சூரியனையே பார்க்காத ஜீவன், உள்ளுக்குள் ஒரு கடிகாரத்தை ஓடவிட்டுக்கொண்டு அட்டென்டன்ஸ் போடுகிறது. கண்ணை ரைட்-ஆஃப் செய்த கம்பெனி கடிகாரத்தை இன்னும் வைத்திருக்கிறது.

இப்படி நான் கணக்கில் மூழ்கியிருந்தபோது 'டபக்' என்று ஒரு சத்தம். எங்கள் கோஷ்டியில் இருந்த ஒரு பெரியவர் குட்டையில் காசு போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கொஞ்சம் தள்ளி ஒரு கல் லிங்கம் மாதிரி முளைத்திருந்தது. அந்த பக்தி குட்டை வரைக்கும் பரவிவிட்டது. மீன் இரண்டும் மாயம்.

"ஸாப், சிக்கா மத் டாலியே" என்று பையன் பதறினான். "அட, ஒரே ஒரு ரூபாய்தானே தம்பி" என்கிற பாவனையில் பெரியவர் சிரித்தார்.

ஒரு ரூபாய்தான். ஆனால் ஸ்பெயினுக்குச் சொந்தமான லான்ஸரோட்டே தீவில் ஒரு குகை இருக்கிறது. எரிமலைக் குழம்பு ஓடிய பாதை. கூரை இடிந்து உள்ளே கடல் தண்ணீர் தேங்கிய குளம். அதில் ஒரு சின்ன வெள்ளை நண்டு இனம், கண் தெரியாதது. அங்கேயும் மனுஷனுக்குத் தண்ணீரைக் கண்டால் காசு போடக் கை அரிக்கிறது. போடாதே, உலோகம் அரித்து நண்டு செத்துவிடும் என்று போர்டு எழுதி வைத்துக் கெஞ்சுகிறார்கள். காசு போடுகிற வியாதி நமக்கு மட்டும் சொந்தமில்லை என்பதில் ஓர் அற்ப சந்தோஷம்.

அமெரிக்கக் கதை இன்னும் ஜோர். நெவாடா பாலைவனத்தில் டெவில்ஸ் ஹோல் என்று, சுண்ணாம்புப் பாறையில் அடி காணாத ஒரு தண்ணீர்ப் பள்ளம். உலகத்தில் அந்த ஒரு பள்ளத்தில் மட்டுமே இயற்கையாக வாழும் பப்ஃபிஷ் என்ற நீல மீன், ஓர் அங்குலத்துக்கு உட்பட்டது. சுற்றுவட்டாரப் பண்ணைக்காரர்கள் போர் போட்டு இறைத்ததில் பள்ளத்தின் தண்ணீர் மட்டம் இறங்கி, மீன் முட்டையிடும் கல் திட்டு வெளியே தெரிய ஆரம்பித்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், 1976-ல் மீன் ஜெயித்தது! இறைப்பதைக் குறை என்று தீர்ப்பு. கடுப்பானவர்கள் 'பப்ஃபிஷைக் கொல்லு' என்று காரில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள். 2016-ல் மூன்று பேர் ஃபுல் போதையில் வேலி தாண்டி உள்ளே போனார்கள். ஒருத்தர் தண்ணீரில் இறங்கி ஆட்டம் போட்டுவிட்டு, ஜட்டியைச் சாட்சிக்கு விட்டுவிட்டு வந்தார். ஒரு மீன் செத்தது. 2018-ல் அவருக்கு ஒரு வருஷம் ஒரு நாள் ஜெயில். வாரக் கடைசியில் எண்ணூர்ப் பக்கம் பாட்டிலோடு பீச்சுக்குப் போகும் வாலிபர்கள் இந்தத் தீர்ப்பைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

சிரிக்கலாம். ஆனால் அந்த மீன்களின் தலையை எண்ணினால் சிரிப்பு வராது. 2013-ல் 35. எப்படியோ தேறி 2024 வசந்த காலத்தில் 191. பூகம்பத்தில் தண்ணீர் அலைக்கழிந்து 2025 ஆரம்பத்தில் மறுபடி 38. ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றும் கூட்டத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான் அப்போது அந்தப் பள்ளத்தின் மொத்த ஜனத்தொகை.

குட்டும்சர் மீன் அந்த அளவுக்கு மோசமில்லை. வெளியே ஓடையில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் கண்ணைத் தொலைத்துக்கொண்டிருக்கும் இந்தக் குகைக் குடும்பம் போனால் போனதுதான். வெளியே இருந்து புதிதாக ஒரு ஜோடியை உள்ளே விட்டால், இந்த அளவுக்கு வர எத்தனை ஆயிரம் தலைமுறை வேண்டுமோ.

சுண்ணாம்புப் பாறைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. மணலில் இறங்கும் தண்ணீர் கொஞ்சமாவது வடிகட்டிப் போகும். இங்கே விரிசலும் குழாயுமாக இருப்பதால் மேலே கொட்டுவது அப்படியே கீழே போய்ச் சேரும். அப்படிப்பட்ட பள்ளங்களைப் பல நாடுகளில் குப்பைத் தொட்டியாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள். போட்டால் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது, எவ்வளவு சௌகரியம்!

குட்டையோரம் உட்கார்ந்திருந்த எனக்குச் சித்தப்பாவின் பக்கெட்தான் ஞாபகம் வந்தது. தண்டையார்பேட்டை பூமி மணலும் களிமண்ணும்; இந்த மீன் அங்கே இல்லை. வேறு என்ன இருந்தது? தெரிந்துகொள்ள அந்தக் காலத்தில் யாரும் பக்கெட்டை எட்டிப் பார்த்து எழுதி வைக்கவில்லை. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகம் முழுக்க எண்ணெய் படிந்தபோது உலகமே போட்டோ எடுத்தது. வலை கறுத்ததையும் பெலிக்கன் இறக்கை கறுத்ததையும் பார்த்தோம். பூமிக்கு அடியில் போனதற்குப் போட்டோ கிடையாது. மீஞ்சூர் பக்கம் நன்னீரை இறைத்து இறைத்து, கடல் தண்ணீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. அதையும் யாரும் கண்ணால் பார்க்கவில்லை, வாயில் வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

பையன் இதற்குள் குப்புறப் படுத்து, சட்டைக் கையை மடித்து, தண்ணீர் கலங்காமல் விரலை விட்டுப் பெரியவரின் ரூபாயை எடுத்துவிட்டான். இறங்கி எடுத்தால் சேறு கிளம்பிவிடுமாம். பெரியவரிடம் நீட்டினான். சாமிக்குப் போட்டதைத் திரும்ப வாங்க மாட்டேன் என்று அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

வெளியே வந்து, 14 தலையையும் மறுபடி எண்ணி முடித்த பிறகு, என்னுடைய ரயில்வே பிளாட்பார ஹிந்தியில் பேச்சுக் கொடுத்தேன். மழைக்காலத்தில் குகைக்குள் வெள்ளம் ஏறிவிடும், நவம்பர் வரைக்கும் கேட் பூட்டுதான் என்றான்.

"அப்போ உனக்கு வேலை?"

"வயல்ல."

"அந்தக் காசையெல்லாம் என்ன பண்ணுவே?"

மரத்தடியில் வைத்திருந்த பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து வந்தான். இந்த சீஸனில் குட்டைகளில் பொறுக்கியதாம். எவ்வளவு என்று கேட்டேன், எண்ணவில்லை என்றான். எண்ணாத பணத்தைப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வராது. பாறைமேல் கொட்டி ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் என்று அடுக்கினேன். மொத்தம் 64 ரூபாய். மிச்சம் ஒன்று எந்த அடுக்கிலும் சேரவில்லை. தேய்த்துப் பார்த்தேன். செம்பும் நிக்கலும் கலந்து அடித்த பழைய நாலணா. 2011-லேயே செல்லாது என்று அறிவித்தாகிவிட்டது. ஓர் ஓரம் அரித்து, விளிம்பெல்லாம் பச்சை பூத்திருந்தது. மீனுக்குச் செம்பு எவ்வளவு ஆகாது என்பதை அவனிடம் சொல்ல என் ஹிந்தி போதவில்லை. அவனே அதை என் கையிலிருந்து வாங்கி, சட்டையில் துடைத்து, மறுபடி டப்பாவில் போட்டு மூடிவிட்டு, அடுத்த கோஷ்டியை எண்ணப் போனான்.